விடுப்பு கேட்ட அணித்தலைவர்: ஜெய்பால் சிங் முண்டா

ஒலிம்பிக்கில் இந்தியா வென்ற முதல் ஹாக்கித் தங்கம் எந்த ஆண்டில் என்று கேட்டால், 1928, ஆம்ஸ்டர்டாம் என்று போட்டித் தேர்வு எழுதும் மாணவர்கள் தயங்காமல் சொல்வார்கள். அணித்தலைவர் யார் என்று கேட்டால் தியான்சந்த் என்றே பலரும் சொல்வார்கள். தியான்சந்த் அந்த அணியின் ஒப்பற்ற ஆட்டக்காரர். ஆனால் தலைவர் அல்லர். தலைமை ஏற்றுச் சென்றவர் சோட்டா நாக்பூரின் முண்டா பழங்குடியில் பிறந்த ஜெய்பால் சிங். 18 ஆண்டுகள் கழித்து அரசியல் நிர்ணய சபையில் ஆதிவாசிகளின் குரலாக ஒலித்தவரும் அவரே.

இன்றைய ஜார்க்கண்டின் குந்தி வட்டாரத்தில் உள்ள தாக்ரா சிற்றூரில் 1903 ஜனவரி 3 அன்று பிறந்தார். இளமைப் பெயர் பிரமோத் பாஹன். பிர்சா முண்டா ராஞ்சிச் சிறையில் இறந்து மூன்றாண்டுகளே ஆகியிருந்தன. நிலத்துக்காக எழுந்த ஒரு கிளர்ச்சியின் சாம்பல் ஆறாத மண் அது. மாடு மேய்த்த சிறுவன் ராஞ்சியில் ஆங்கிலிக்கன் மிஷனரிகள் நடத்திய செயின்ட் பால் பள்ளிக்கு வந்தான். மிஷன் பள்ளிகள் வேதத்தோடு ஹாக்கியையும் அம்மலைநாட்டுக்குக் கொண்டுவந்தன. வேதம் எவ்வளவு பரவியதோ, ஹாக்கி அதைவிட ஆழமாக வேர்விட்டது என்றுதான் சொல்ல வேண்டும். இன்றும் அங்குள்ள சிறுவர்கள் மரக்கிளையை வெட்டி மட்டையாக்கி ஆடுகிறார்கள்.

பள்ளி முதல்வராக இருந்த பாதிரியார் காஸ்கிரேவ் 1918இல் அவரை இங்கிலாந்துக்கு அழைத்துச் சென்றார். மிஷன் பணியாளர்களைப் பயிற்றும் கேன்டர்பரி செயின்ட் அகஸ்டின் கல்லூரியில் சிறிது காலம் படித்த பின், 1922இல் ஆக்ஸ்ஃபோர்டின் செயின்ட் ஜான்ஸ் கல்லூரியில் சேர்ந்தார். பொருளியல் படித்தார், விவாத மன்றத்துக்குத் தலைமை வகித்தார். களத்தில் அவர் பின்வரிசைத் தடுப்பாட்டக்காரர். பல்கலைக்கழக அணியில் இடம்பிடித்து ஹாக்கிக்கான ‘புளூ’ சிறப்பைப் பெற்றார். பிறகு விம்பிள்டன் சங்கத்துக்காக ஆடினார். ஆசிய மாணவர்களைத் திரட்டித் தனியே ஓர் அணி அமைத்து ஐரோப்பிய நாடுகளுக்கும் அழைத்துச் சென்றார்.

இங்கே ஒன்றை நினைவில் கொள்ள வேண்டும். அந்நாளைய ஹாக்கியில் ஊதியம் கிடையாது. தியான்சந்த் இராணுவச் சிப்பாய். அணியின் பெரும்பான்மையினரான ஆங்கிலோ இந்தியர்களில் பலருக்கு இரயில்வே போன்ற அரசுத் துறைகளே பிழைப்பு. ஆட்டக்காரர் களமிறங்குவாரா என்பதை அவருடைய திறமை மட்டும் தீர்மானிக்கவில்லை. விடுப்பு தரும் அதிகாரியும் தீர்மானித்தார்.

ஜெய்பால் சிங் ஐ.சி.எஸ். தேர்வில் வென்று இங்கிலாந்தில் பயிற்சியில் இருந்தபோதுதான் இந்திய அணியின் தலைமை அவரைத் தேடி வந்தது. 1925இல் தொடங்கப்பட்ட இந்திய ஹாக்கிக் கூட்டமைப்பிடம் பணமில்லை. வங்காளத்திலிருந்து கிடைத்த நன்கொடையால்தான் கடைசி இரு ஆட்டக்காரர்கள் கப்பலேற முடிந்தது. பம்பாய்த் துறைமுகத்தில் வழியனுப்ப வந்தவர்கள் மூன்றே பேர். தலைவரோ இலண்டனில், இந்தியா அலுவலகத்திடம் விடுப்பு கேட்டுக்கொண்டிருந்தார். விடுப்பு மறுக்கப்பட்டது. அவர் ஆடச் சென்றார்.

ஆம்ஸ்டர்டாமில் இந்தியா ஐந்து ஆட்டங்கள் ஆடியது. ஆஸ்திரியாவுக்கு எதிராக 6, பெல்ஜியத்துக்கு எதிராக 9, டென்மார்க்குக்கு எதிராக 5, சுவிட்சர்லாந்துக்கு எதிராக 6, இறுதியில் நெதர்லாந்துக்கு எதிராக 3 என மொத்தம் 29 கோல்கள் அடித்தது. வாங்கியது ஒன்றுகூட இல்லை. தியான்சந்த் மட்டும் 14 கோல்கள் அடித்தார். ஆனால் மே 26 அன்று நடந்த இறுதி ஆட்டத்தில் ஜெய்பால் சிங் இல்லை. பின்னிகர் தலைமை தாங்கினார். அணி மேலாளருடன் ஏற்பட்ட பிணக்கால் அவர் விலகினார் என்று விளையாட்டு வரலாற்றாளர்கள் எழுதுகிறார்கள். வெற்றியின் நிழற்படத்தில் இல்லாத தலைவரை மறப்பது எளிது.

இலண்டன் திரும்பியவரிடம், பயிற்சியை மேலும் ஓராண்டு நீட்டிக்க வேண்டும் என்றது இந்தியா அலுவலகம். பணி விதிகளைப் படித்த எனக்கு அதிகாரியின் தரப்பு புரிகிறது. விடுப்பு உரிமை அன்று, சலுகையே என்று எந்தத் தீர்ப்பாயமும் சொல்லிவிடும். ஆனால் பேரரசின் கொடிக்காகப் பெற்ற வெற்றியை ஏற்றுக்கொண்டு, அதைப் பெற்றவரை மட்டும் ஒழுங்கு மீறியவராக்கிய விதி அது. அவர் ஐ.சி.எஸ்.ஸைத் துறந்தார்.

பின்னர் ஷெல் எண்ணெய் நிறுவனம், கல்கத்தாவில் மோகன் பகான் சங்கத்தின் ஹாக்கி அணி, கோல்டு கோஸ்டின் அச்சிமோட்டாவில் ஆசிரியர் பணி, ராய்ப்பூர் ராஜ்குமார் கல்லூரி, பிகானேர் சமஸ்தானம் என்று பத்தாண்டுகள் கழிந்தன. 1939 ஜனவரியில் ராஞ்சியில் ஆதிவாசி மகாசபைக்குத் தலைமையேற்றார். மக்கள் அவரை மாராங் கோம்கே, பெருந்தலைவர் என்று அழைத்தார்கள்.

1946 டிசம்பர் 19 அன்று அரசியல் நிர்ணய சபையில் குறிக்கோள் தீர்மானத்தின் மீது பேச எழுந்தார். ஜங்லி என்று தம் மக்கள் மீது வீசப்பட்ட இழிசொல்லைப் பெருமையுடன் தமக்கே சூட்டிக்கொண்டார். ஆதிவாசிகளுக்கு எவரும் ஜனநாயகம் கற்பிக்கத் தேவையில்லை, அவர்களிடமிருந்துதான் மற்றவர்கள் கற்க வேண்டும் என்று வாதிட்டார். மதுவிலக்கு விவாதத்திலும், அரிசிக் கள் தம் மக்களின் வழிபாட்டோடு கலந்தது என்று சொல்லி எதிர்த்தார்.

சட்டத்தில் ஆதிவாசி என்ற சொல்லே இடம்பெற வேண்டும் என்பது அவருடைய நீண்ட போராட்டம். அது பொதுச்சொல், சட்டப் பொருள் அற்றது; பட்டியலிடப்பட்டால்தான் உரிமை யாருக்கு என்பது உறுதியாகும் என்று அண்ணல் அம்பேத்கர் 1948இல் விடையளித்தார். நீதிமன்றத்தில் நிற்கும் விடை அது. பட்டியல் இல்லாமல் இடஒதுக்கீட்டு வழக்கு ஒன்றையும் நாம் வென்றிருக்க முடியாது. ஆயினும் ஜெய்பால் சிங் கேட்டது பட்டியலை மட்டும் அன்று. இம்மண்ணின் முதற்குடிகள் என்ற ஒப்புதலை. பட்டியலோ மாநிலத்துக்கு மாநிலம் மாறுவது. ஜார்க்கண்டில் பட்டியல் பழங்குடியினராக இருக்கும் முண்டாக்களும் சந்தால்களும் ஓராவோன்களும் அசாமின் தேயிலைத் தோட்டங்களில் அந்தத் தகுதியின்றி வாழ்கிறார்கள். கூலிகளாகக் கொண்டுசெல்லப்பட்டவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

1950இல் ஜார்க்கண்ட் கட்சி உருவானது. 1952 தேர்தலில் அது பீகார் சட்டமன்றத்தின் முதன்மை எதிர்க்கட்சியானது. 1955இல் மாநில மறுசீரமைப்பு ஆணையம் தனி மாநிலக் கோரிக்கையை நிராகரித்தது. 1962இல் இடங்கள் குறைந்தன. அடுத்த ஆண்டே அவர் கட்சியைக் காங்கிரஸில் இணைத்தார். அவருடைய வாழ்வில் நான் ஏற்க முடியாத முடிவு இதுதான். அவரை நம்பி வாக்களித்த மலைக்கிராமங்கள் பலவும் அதைத் துரோகமாகவே கண்டன. விடுப்பு மறுக்கப்பட்டபோது எழுந்து நடந்தவர், மாநிலம் மறுக்கப்பட்டபோது மறுத்தவர்களின் வீட்டுக்குள்ளேயே சென்று அமர்ந்தார். மக்களவை உறுப்பினராக இருந்தபோதே 1970 மார்ச் 20 அன்று தில்லியில் இறந்தார்.

அவர் கேட்ட ஜார்க்கண்ட், 2000 நவம்பர் 15 அன்று, பிர்சா பிறந்த நாளில், பீகாரிலிருந்து பிரிக்கப்பட்டது. அவருடைய வரைபடத்தில் இருந்த வங்காள, ஒரிசா, மத்தியப் பிரதேசப் பகுதிகள் அதில் சேர்க்கப்படவில்லை.