நைட்டிங்கேல் அம்மையாரும் ஆஸ்பத்திரிக் கணக்கும்

எம் ஊராகிய கீழப்பாவூரில் ஓர் ஆஸ்பத்திரியின் தராதரத்தை அளக்கும் கோல் ஒன்றே; அதற்குக் கைராசி என்று பெயர். இன்ன வைத்தியர் கைராசிக்காரர், இன்ன ஆஸ்பத்திரி ராசியற்றது என முதியோர் திண்ணையிலிருந்தே தீர்ப்புரைப்பர். யாம் பிறப்பதற்கு முன்னர் எம் சித்தி ஒருவர் தலைப்பிரசவத்திற்கு ஓர் ஆஸ்பத்திரிக்குச் சென்றவர் மீண்டு வந்திலர். அங்கே அவ்வாண்டில் எத்தனை தாய்மார் இறந்தனர், எதனால் இறந்தனர் என்று எவரும் வினவினாரல்லர். ராசி என்றனர், அவ்வளவே. அவ்வினாவைத் தம் வாழ்நாளெல்லாம் வினவிய ஓர் அம்மையாரின் சரித்திரத்தை ஈண்டுச் சுருக்கி வரைவோம்.

பிளாரென்ஸ் நைட்டிங்கேல் 1820-ம் ஆண்டு மே மாதம் 12-ந் தேதி இத்தாலியில் பிறந்தார். பிறந்த நகரின் பெயரே அவருக்குப் பெயராயிற்று. செல்வம் மிக்க ஆங்கிலக் குடும்பம். நோயாளரைப் பேணும் தொழில் உயர்குலப் பெண்டிர்க்கு இழுக்கென்று கருதப்பட்ட காலம் அது. பெற்றோர் தடுத்தனர், அவர் தளர்ந்திலர். கிரிமியப் போர் மூண்டபோது, 1854-ம் ஆண்டு நவம்பர் மாதத்தில், 38 பெண்களுடன் ஸ்கூட்டாரி இராணுவ ஆஸ்பத்திரியை அடைந்தார். இரவில் அவர் விளக்கேந்திச் சென்ற கதையைப் பள்ளிச் சிறாரும் அறிவர். ஆகலின் அதனை விடுத்து மேற்செல்வோம்.

பலர் அறியாதது பின்வருவதாம். அம்மையார் வந்து துணியும் உணவும் திருத்திய பின்னரும் அங்கே மரணம் குறைந்திலது. 1855-ம் ஆண்டு பிப்ரவரியில் சிகிச்சை பெற்றோருள் நூற்றுக்கு 42 பேர் மாண்டனர். அக்கட்டடத்தின் கீழே சாக்கடைகள் அடைபட்டுக் கிடந்தன. மார்ச்சு மாதத்தில் இங்கிலாந்திலிருந்து வந்த சுகாதாரக் குழுவினர் சாக்கடைகளைத் துப்புரவு செய்து, காற்றோட்டம் உண்டாக்கி, சுவர்களுக்கு வெள்ளையடித்தனர். ஜூன் மாதத்தில் இறந்தோர் நூற்றுக்கு ஏறக்குறைய இருவரே.

நாடு திரும்பிய அம்மையார், வில்லியம் ஃபார் என்னும் புள்ளிவிவர அறிஞருடன் அமர்ந்து கணக்குகளை ஆராய்ந்தார். சிப்பாய்களுட் பெரும்பாலோர் காயத்தால் அன்று, தடுக்கத்தக்க நோய்களால் மடிந்தனர் என்பது புலனாயிற்று. அவர் பணி புரிந்த ஆஸ்பத்திரியும் அதற்கு விலக்கன்று. தேசமே தம்மைக் கொண்டாடிய வேளையில், அவர் அவ்வுண்மையை மறையாது, வர்ணப் படங்களாக வரைந்து 1858-ல் அதிகாரிகள்முன் வைத்தார்.

அந்நாளில் ஆஸ்பத்திரிதோறும் கணக்கு வெவ்வேறு. நோய்களின் பெயரும் வெவ்வேறு. ஒன்றை மற்றொன்றோடு ஒப்பிடுவது எங்ஙனம்? சேர்ந்தோர், குணமானோர், இறந்தோர், தங்கிய நாட்கள் என யாவர்க்கும் பொதுவானதொரு படிவத்தை அம்மையார் வகுத்தார். 1860-ல் லண்டனிற் கூடிய சர்வதேசப் புள்ளிவிவர மகாசபை அதனை ஆதரித்தது. எனினும், சாகக் கிடப்போரை முன்னரே வீட்டிற்கு அனுப்பிவிடும் ஆஸ்பத்திரியில் மரணக் கணக்குக் குறைந்தே காணும் அன்றோ! எண்ணையும் ஐயத்தோடு நோக்குதல் வேண்டுமென்பது எம் கருத்து.

இந்திய மண்ணை அவர் ஒருபோதும் மிதித்திலர். ஆயினும் இந்நாட்டுப் படைநிலையங்களுக்கெல்லாம் வினாத்தாள்கள் விடுத்து விடைகளைத் திரட்டினார். ஆயிரம் ஆங்கிலச் சிப்பாய்களுள் ஆண்டுதோறும் 69 பேர் இங்கே இறந்தனரென்று 1863-ல் வெளிவந்த அறிக்கை காட்டிற்று. மறு ஆண்டில் சென்னை மாகாணத்திற்கும் ஒரு சுகாதாரக் கமிஷன் அமைந்தது.

எம் உள்ளத்தைத் தொட்டது வேறொன்று. லண்டன் கிங்ஸ் கல்லூரி ஆஸ்பத்திரியில், அம்மையாரின் நிதியைக் கொண்டு மருத்துவச்சியர்க்குப் பயிற்சியளிக்கும் பிரசவ விடுதியொன்று நடைபெற்றது. அங்கே பிரசவ ஜுரத்தால் தாய்மார் இறக்கலாயினர். சாக்குப் போக்குச் சொல்லாமல் 1867-ல் அவ்விடுதியை மூடச்செய்தார். அதனோடு நின்றாரல்லர், பல இடத்துக் கணக்குகளையும் தேடித் தொகுத்து, பிரசவ விடுதிகளிற் சென்று பெறுவோரைவிட ஏழைக் குடில்களிற் பெறும் தாய்மாரே மிகுதியாகப் பிழைக்கின்றனரென்று 1871-ல் ஒரு நூலில் எழுதினார். தாம் நட்ட செடியைத் தாமே பிடுங்குவது எளிதோ? இக்காலத்தில் நம் தமிழ்நாட்டில் பிரசவத்தில் ஒரு தாய் இறப்பின், அதன் காரணத்தை ஆராய்ந்து பதிவு செய்யும் முறை உண்டு. எம் சித்தியின் பெயர் அத்தகைய ஏடு எதிலும் ஏறவில்லை.

அம்மையார் 1910-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி, தமது தொண்ணூறாம் வயதில் காலமானார். வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் அடக்கம் செய்ய முன்வந்தபோது, அவர்தம் விருப்பத்தின்படி உறவினர் அதனை மறுத்துவிட்டனர். சிற்றூர்க் கல்லறையிலுள்ள கல்லில் அவர் பெயரின் முதலெழுத்துக்கள் இரண்டும், பிறந்த நாளும், இறந்த நாளுமே பொறிக்கப்பட்டுள்ளன.