எழுத்தையே நம்பி வாழ்ந்த புதுமைப்பித்தன்

கதை எழுதும் ஆர்வமுடைய மாணவர்கள் ஆனையூரிலும் சுற்றுப்புறச் சிற்றூர்களிலும் பலர் உளர். எழுதினால் வயிறு நிறையுமா என்று அவர்தம் பெற்றோர் கேட்பதையும் நாம் அறிவோம். அக்கேள்விக்கு விடை காண விரும்புவோர், தமிழ்ச் சிறுகதை முன்னோடிகளுள் ஒருவரான புதுமைப்பித்தனின் வாழ்க்கையை ஊன்றிப் பார்த்தல் வேண்டும்.

சொ. விருத்தாசலம் என்னும் இயற்பெயர் கொண்ட அவர், 1906 ஏப்ரல் 25ஆம் நாள் திருப்பாதிரிப்புலியூரில் பிறந்தார். தந்தையார் அரசு அலுவலர். திருநெல்வேலி இந்துக் கல்லூரியில் பயின்று 1931இல் பி.ஏ. பட்டம் பெற்றார்; 1932இல் கமலா அம்மையாரை மணந்தார். மகன் அரசுப் பணியில் அமர வேண்டும் என்று தந்தையார் விரும்பினார். மகனோ எழுத்தையே தொழிலாக வரித்துக்கொண்டு சென்னை சென்றார்.

கதை எழுதக் கற்பிக்கும் பள்ளி எதுவும் அவருக்கு வாய்க்கவில்லை. வாசிப்பே அவருக்குப் பள்ளி, மொழிபெயர்ப்பே பயிற்சி. பிறநாட்டுச் சிறுகதைகளை ஆங்கிலத்தின் வழியே தேடிப் படித்து, ஏறத்தாழ ஐம்பது கதைகளைத் தமிழாக்கினார். பிறர் கதையைப் பிரித்து மீண்டும் தமிழில் கட்டுபவனுக்கு, கதை எங்கே தொடங்கி எங்கே நிற்க வேண்டும் என்பது தானே விளங்கும். குறித்த நேரத்துக்குள் எழுதிக் கொடுக்கும் பழக்கத்தைப் பத்திரிகைப் பணி தந்தது.

1934 முதல் மணிக்கொடி இதழில் அவருடைய கதைகள் வெளிவரலாயின. மணிக்கொடி புகழைத் தந்தது, பொருளைத் தரவில்லை. ஆகவே ஊழியன் இதழிலும், பின்னர்த் தினமணி நாளேட்டிலும் உதவியாசிரியராக உழைத்தார். சில ரூபாய்க் கடனுக்கு வழி தேடியே ஒரு நாளைக் கழிக்கும் எழுத்தாளனை 'ஒரு நாள் கழிந்தது' என்னும் கதையில் வைத்தார். 1943இல் தினமணி ஆசிரியர் டி. எஸ். சொக்கலிங்கம் பதவி விலகியபோது இவரும் உடன் விலகினார். தினசரி நாளேட்டில் சிலகாலம் பணியாற்றியபின், திரைப்படத்துறையை நாடினார். எம். கே. தியாகராஜ பாகவதரின் 'ராஜமுக்தி' படத்துக்கு உரையாடல் எழுதப் புனே சென்றார். அங்கே காசநோய் முற்றியது. 1948 ஜூன் 30ஆம் நாள் திருவனந்தபுரத்தில், 42ஆம் வயதில் மறைந்தார். அவருடைய நூல்களைத் தமிழக அரசு 2002இல் நாட்டுடைமையாக்கியது. வாழ்ந்தபோது வராத செல்வம் மறைந்தபின் வந்து என்ன பயன்?

நம் மக்களைப் பற்றியும் அவர் எழுதினார். நந்தனார் வரலாற்றைத் தம் காலத்தில் வைத்துப் பார்த்தது 'புதிய நந்தன்'. தாழ்த்தப்பட்ட பெண்ணொருத்தி இலங்கைத் தேயிலைத் தோட்டத்தில் பட்ட துயரைச் சொன்னது 'துன்பக்கேணி'. இதனைப் போற்றுவோரும் உளர். நம் மக்களைத் தாழ்த்திக் காட்டுகிறது என மறுப்போரும் உளர். நம் வாழ்வை நாமே எழுதும்வரை இவ்வழக்கு தீராது என்பது நம் கருத்து.

பட்டமும் உயர்சாதிப் பிறப்பும் பெற்றிருந்த அவருக்கே எழுத்து சோறு போடவில்லை என்றால், முதல் தலைமுறையாகப் பள்ளி ஏறிய நம் பிள்ளைகளுக்கு அது எளிதாகுமா? ஆகவே எழுதாதீர் என்று நாம் சொல்லமாட்டோம். முதலில் கல்வி, அடுத்துக் கையில் ஒரு தொழில், அவற்றோடு நாள்தோறும் வாசிப்பும் எழுத்தும். கரிசல் மண்ணின் எழுத்தாளர் பூமணி, கூட்டுறவுத் துறையில் பணியாற்றியவாறே நாவல் படைத்தவர். 2014இல் சாகித்திய அக்காதெமி விருது பெற்றவர்.

சங்க உறுப்பினர்களுக்கும் ஒரு கடமை உண்டு. நம் பிள்ளையொருவன் நூல் வெளியிட்டால், மாலையிட்டுப் பாராட்டுவதோடு நில்லாமல், வீட்டுக்கொரு படி விலை கொடுத்து வாங்குதல் வேண்டும். எழுத்தாளனை வாழும்போதே வாழவைக்கும் சமுதாயமே தன் வரலாற்றைத் தன் கையால் எழுதும்.