சிட்டுக்குருவி காட்டிய வழி

நம் நகரத்துப் பி.ஜி. மருத்துவமனைப் பக்கம் செல்லும் அன்பர்கள், ஸர் ரொனால்டு ராஸின் நினைவு வாயிலைக் கண்டிருப்பர். 1927-ல் அவர் முன்னிலையிலேயே அது திறக்கப்பெற்றது.

1857-ல் அல்மோராவில் பிறந்த ராஸ், 1881-ல் இந்திய மருத்துவப் பணியில் சேர்ந்து சென்னை மாகாணத்தில் தொண்டாற்றினார். 1897 ஆகஸ்டு 20-ல் செகந்திராபாத்தில், மலேரியா நோயாளியின் குருதி பருகிய கொசுவின் வயிற்றுச் சுவரில் நோய்க்கிருமியைக் கண்டார். ஆயினும், அக்கிருமி மீண்டும் மனிதனை அடையும் வழி புலப்படவில்லை.

1898-ல் கல்கத்தா வந்தார். பிளேக் தடுப்பூசி பற்றிய அச்சத்தால், விரலில் ஊசி குத்தவும் மக்கள் இசைந்திலர். ராஸ் மனந்தளராது, மலேரியா காணும் பறவைகளை நாடினார். உதவியாளர் முகமது பக்ஸ் துணைநிற்க, ஜூலைத் திங்களில் கொசுவின் உமிழ்நீர்ச் சுரப்பியில் கிருமிகளைக் கண்டார். அத்தகைய கொசுக்கள் கடித்த நலமுள்ள சிட்டுக்குருவிகள் நோயுற்றன. கடியே நோயின் வழி என்பது வெளியாயிற்று. மனிதரிடத்தும் அவ்வாறே என்பதை அவ்வாண்டே இத்தாலிய அறிஞர்கள் மெய்ப்பித்தனர்.

1902-ல் நோபல் பரிசு பெற்ற அப்பெரியார் 1932-ல் மறைந்தார். நோயின் வேரை நோயாளியின் உடலில் மட்டுமன்றிக் கொசுவிலும் பறவையிலும் தேடியவர் அவர். நம் வாயிற்புறத்தில் நீர் தேங்காது காப்பதே அவருக்கு நாம் செலுத்தும் மெய்யான அஞ்சலியாகும்.