ஹமீதா பானு: ஊசி மருந்து இல்லாமல் வந்த உடல் பலம்



இந்தக் காலாண்டின் வாழ்க்கை வரலாற்றுப் பகுதியில் ஒரு பெண் பயில்வானைப் பற்றி எழுதுகிறேன். காரணம் உண்டு. சேரங்கோட்டிலிருந்து பந்தலூருக்கும் கூடலூருக்கும் படிக்கவும் வேலைக்கும் போய்வரும் பெண்பிள்ளைகள் சிலர் இப்போது எடை தூக்கும் பயிற்சியில் ஆர்வம் காட்டுகிறார்கள். நல்ல விஷயம்தான். ஆனால் உடம்பு ஆண்பிள்ளை மாதிரி ஆகிவிடுமோ என்று வீட்டுப் பெரியவர்கள் பயப்படுகிறார்கள். பிள்ளைகளோ கைபேசியில் பார்க்கும் படங்களைப் போல மூன்றே மாதத்தில் ஆகிவிட வேண்டும் என்று அவசரப்படுகிறார்கள். அந்தப் பயமும் தேவையில்லை, இந்த அவசரமும் தேவையில்லை என்பதற்கு ஹமீதா பானுவின் வாழ்க்கை நல்ல சாட்சி.

ஹமீதா பானு உத்தரப் பிரதேசத்து மிர்சாபூரைச் சேர்ந்தவர். அந்தக் காலத்தில் குஸ்தி என்பது ஆண்களுக்கு மட்டுமே உரியது. வடநாட்டில் குஸ்தி கோதாவுக்குள் பெண்கள் காலடி வைப்பதையே பலர் ஏற்றுக்கொள்ளவில்லை. அப்படிப்பட்ட சூழ்நிலையில் ஹமீதா பானு அலிகாருக்குப் போய்ச் சலாம் பயில்வான் என்பவரிடம் சிஷ்யையாகச் சேர்ந்து பயிற்சி பெற்றார். மோத வேறு பெண்கள் இல்லாததால் ஆண்களோடுதான் மோத வேண்டியிருந்தது.

1940களில் அவர் பெயர் பத்திரிகைகளில் அடிபடத் தொடங்கியது. 1944இல் பம்பாயில் கூங்கா பயில்வானுடன் அவர் மோதுவதைப் பார்க்க சுமார் 20,000 பேர் கூடினார்கள். அந்தப் பயில்வான் கூடுதல் பணமும் கூடுதல் அவகாசமும் கேட்டதால் போட்டி ரத்தானது. ஆத்திரமடைந்த கூட்டம் மைதானத்தையே அடித்து நொறுக்கிவிட்டது.

1954 பிப்ரவரியில் ஹமீதா பானு ஓர் அறிவிப்பு வெளியிட்டார். குஸ்தியில் தன்னைத் தோற்கடிக்கும் ஆணையே மணந்துகொள்வதாகச் சொன்னார். அப்போது அவர் முப்பதுகளில் இருந்தார். பாட்டியாலாவிலிருந்து ஒருவரும் கல்கத்தாவிலிருந்து ஒருவரும் வந்து தோற்றார்கள். அதே ஆண்டு மே மாதம் பரோடாவில் மூன்றாவது போட்டி. பரோடா மகாராஜாவின் ஆதரவு பெற்ற சோட்டா காமா பயில்வான் மோதுவதாக இருந்தது. பெண்ணோடு மோத மாட்டேன் என்று அவர் கடைசி நேரத்தில் விலகிக்கொண்டார். அவருக்குப் பதிலாகப் பாபா பயில்வான் இறங்கினார். 1 நிமிடம் 34 விநாடியில் போட்டி முடிந்தது. வென்றது ஹமீதா பானு. அதுவரை 320 போட்டிகளில் வென்றிருப்பதாக அவர் சொல்லிக்கொண்டார். அதே ஆண்டு ரஷ்யாவின் பெண் கரடி என்று அழைக்கப்பட்ட வீரா சிஸ்டிலினைப் பம்பாயில் இரண்டு நிமிடத்துக்குள் சாய்த்தார்.

இப்போது கணக்குக்கு வருவோம். வங்கியில் வேலை பார்த்தவன் என்பதால் எண்களைப் பார்த்தால் கூட்டிப் பார்க்காமல் இருக்க முடிவதில்லை.

அன்றைய பத்திரிகைச் செய்திப்படி ஹமீதா பானுவின் உயரம் 5 அடி 3 அங்குலம், எடை 108 கிலோ. தினமும் 6 மணி நேரம் பயிற்சி, 9 மணி நேரம் தூக்கம். ஒரு நாள் சாப்பாடு 5.6 லிட்டர் பால், 2.8 லிட்டர் சூப், 1.8 லிட்டர் பழச்சாறு, ஒரு முழுக் கோழி, ஏறக்குறைய ஒரு கிலோ ஆட்டுக்கறி, பாதாம், அரைக் கிலோ வெண்ணெய், 6 முட்டை, இரண்டு பெரிய ரொட்டி, இரண்டு தட்டு பிரியாணி. விளம்பரத்துக்காகக் கொஞ்சம் கூட்டியும் சொல்லியிருக்கலாம். எப்படியானாலும் அரைக் கிலோ வெண்ணெயில் மட்டும் 3,500 கலோரிக்கு மேல் இருக்கிறது. சாதாரணப் பெண்ணுக்கு ஒரு நாள் முழுவதற்கும் சுமார் 2,000 கலோரி போதும்.

இந்தக் கணக்கிலிருந்து தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று உண்டு. இத்தனை வருடப் பயிற்சிக்கும் இத்தனை சாப்பாட்டுக்கும் பிறகும் அவர் உடம்பு இன்றைய விளம்பரப் படங்களில் வருவதைப் போல நரம்பு புடைத்து, வயிற்றில் கட்டுக்கட்டாகத் தசை தெரியும் உடம்பாக இல்லை. அந்த 108 கிலோ முழுவதும் தசையும் அல்ல. ஆனால் அந்த உடம்புதான் ஆண் பயில்வான்களைத் தூக்கிப் போட்டது. பலம் என்பது வேறு, படத்தில் தெரியும் தோற்றம் என்பது வேறு.

இன்னோர் உதாரணம் நம் காலத்தில் இருக்கிறது. மணிப்பூரின் மீராபாய் சானு டோக்கியோ ஒலிம்பிக்கில் 49 கிலோ எடைப் பிரிவில் போட்டியிட்டார். பார்த்தால் பக்கத்து வீட்டுப் பெண் மாதிரிதான் இருப்பார். அவர் 115 கிலோவைத் தலைக்கு மேல் தூக்கி வெள்ளிப் பதக்கம் வாங்கினார். எடை தூக்கினால் பெண் உடம்பு ஆண் உடம்பாகிவிடும் என்றால் அவர் உடம்பு அல்லவா முதலில் ஆகியிருக்க வேண்டும்?

ஏன் ஆவதில்லை? தசையைப் பெருக்கும் டெஸ்டோஸ்டிரோன் என்ற சுரப்பி நீர் ஆண்களுக்கு இருப்பதில் ஏறத்தாழ பதினைந்தில் ஒரு பங்குதான் பெண்களுக்கு இருக்கிறது. அதனால் பெண்களுக்குத் தசையே வளராது என்றும் நினைக்கக் கூடாது. வளரும். ஆனால் மெதுவாக வளரும். முதல் சில வாரங்களில் தசை பெருக்காமலே பலம் கூடும். இருக்கிற தசையை ஒழுங்காக வேலை வாங்க நரம்புகள் கற்றுக்கொள்வதுதான் அதற்குக் காரணம். அதன் பிறகு மூன்று மாதம் விடாமல் பயிற்சி செய்தால் தசை ஒரு கிலோவை ஒட்டிக் கூடலாம். முதல் ஆண்டு முடிவில் இரண்டு மூன்று கிலோ கூடினால் அது நல்ல பலன். அடுத்தடுத்த ஆண்டுகளில் இந்த வேகமும் குறையும். தபால் அலுவலகத்தில் மாதாமாதம் கட்டும் ஆர்.டி. போன்றது இது. ஒரே மாதத்தில் இரட்டிப்பாக்கித் தருகிறேன் என்று யாராவது வந்தால் நாம் என்ன செய்வோமோ அதையே இங்கேயும் செய்ய வேண்டும்.

அப்படி இரட்டிப்பாக்கித் தருவதாகச் சொல்லி வருவதுதான் ஸ்டீராய்டு. டெஸ்டோஸ்டிரோனை ஆய்வுக்கூடத்தில் செயற்கையாகத் தயாரித்தது 1935இல். அதன் வழியில் உருவான டயனபால் என்ற மாத்திரை அமெரிக்கச் சந்தைக்கு வந்தது 1958இல். ஹமீதா பானு தன் பெரிய வெற்றிகளைப் பெற்று நான்கு ஆண்டுகள் கழித்துத்தான் அந்த மாத்திரையே வந்தது. தண்டால், பஸ்கி, குஸ்தி, பால், கறி, தூக்கம் இவற்றைக் கொண்டே அவர் பலம் சேர்த்தார்.

மாத்திரை வந்த பிறகு நடந்ததையும் சொல்ல வேண்டும். 1970களிலும் 80களிலும் கிழக்கு ஜெர்மனி அரசே தன் விளையாட்டு வீராங்கனைகளுக்கு இந்த வகை மாத்திரைகளைக் கொடுத்தது. பள்ளி வயதுப் பெண்பிள்ளைகளுக்குக்கூடச் சத்து மாத்திரை என்று சொல்லிக் கொடுத்தார்கள். பதக்கங்கள் குவிந்தன. கூடவே குரல் கரகரத்தது, முகத்தில் ரோமம் வளர்ந்தது, மாதவிலக்கு தாறுமாறானது. அப்படி மாறிய குரல் மருந்தை நிறுத்தினாலும் பெரும்பாலும் திரும்புவதில்லை. 2000ஆம் ஆண்டில் பெர்லின் நீதிமன்றம் இதற்குப் பொறுப்பான அதிகாரிகளைக் குற்றவாளிகள் என்று தீர்ப்பளித்தது. பெரியவர்கள் பயப்படும் அந்த ஆண்பிள்ளை மாற்றம் இந்த மருந்தால் வருவது. எடை தூக்குவதால் வருவதல்ல. ஆகவே எடை தூக்கப் போகும் பிள்ளையைத் தடுக்க வேண்டாம். ஊசியோ, பெயர் தெரியாத மாத்திரையோ, பொடியோ கையில் கொடுக்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள்.

மறுபடியும் ஹமீதா பானுவிடம் வருவோம். வெற்றி அவருக்கு நிம்மதியைக் கொடுக்கவில்லை. கோலாப்பூரில் ஒரு ஆண் பயில்வானை வென்றபோது கூட்டம் அவர் மீது கல்லெறிந்தது. காவல்துறை வந்து காப்பாற்ற வேண்டியிருந்தது. பூனாவில் குஸ்திச் சங்கத்தின் எதிர்ப்பால் ஒரு போட்டி ரத்தானது. எதிராளிகள் வேண்டுமென்றே தோற்கிறார்கள், எல்லாம் நாடகம் என்ற பேச்சும் எழுந்தது. பம்பாய் மாகாணத்தில் அவருடைய போட்டிகளுக்குத் தடை வந்தபோது முதலமைச்சர் மொரார்ஜி தேசாயிடம் முறையிட்டார். பெண் என்பதற்காகத் தடுக்கவில்லை, போலிப் பயில்வான்களை இறக்குவதாகப் புகார் வந்ததால்தான் தடுத்தோம் என்று பதில் வந்தது.

1954இல் ஐரோப்பாவுக்குப் போய் மோதப் போவதாக அறிவித்தார். அத்தோடு குஸ்தி உலகில் அவர் பெயர் காணாமல் போயிற்று. அந்தப் பயணம் சலாம் பயில்வானுக்குப் பிடிக்கவில்லை என்றும், தடியால் அடித்துக் கையை உடைத்தார் என்றும் பேரன் பின்னாளில் சொன்னார். காலும் முறிந்தது என்றும், பல ஆண்டுகள் தடி ஊன்றித்தான் நடந்தார் என்றும் அக்கம்பக்கத்தில் இருந்தவர் சொன்னார். 320 போட்டிகளில் வென்றதாகச் சொல்லப்பட்டவரின் வாழ்க்கை வீட்டுக்குள்ளேயே முடங்கியது. பிறகு பம்பாயை அடுத்த கல்யாணில் மாடு வைத்துப் பால் விற்றார். கையில் பணம் இல்லாதபோது வீட்டில் பலகாரம் செய்து தெருவோரத்தில் விற்றார். 1986இல் காலமானார்.

ஒலிம்பிக்கில் பெண்கள் மல்யுத்தம் சேர்க்கப்பட்டது 2004இல், அதாவது பரோடா போட்டி நடந்து சரியாக 50 ஆண்டுகள் கழித்து. 2016இல் ரியோவில் சாக்ஷி மாலிக் வெண்கலம் வாங்கியபோதுதான் மல்யுத்தத்தில் இந்தியப் பெண் ஒருவருக்கு முதல் ஒலிம்பிக் பதக்கம் கிடைத்தது. 2024 மே 4ஆம் தேதி கூகுள் தன் முகப்புப் பக்கத்தில் ஹமீதா பானுவின் படத்தைப் போட்டது. அதைப் பார்த்த பிறகுதான் பலருக்கு அவர் பெயரே தெரிய வந்தது.

இந்த வாழ்க்கையை நம் ஊரோடு ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். நம் பகுதியில் பெண்கள் பலம் புதிதல்ல. 1964 சாஸ்திரி - சிறிமாவோ ஒப்பந்தத்துக்குப் பிறகு இலங்கையிலிருந்து தாயகம் திரும்பி வந்த குடும்பங்களின் பெண்கள் இந்த மலைச்சரிவுகளில் கொழுந்து பறித்து, மூட்டையைத் தலையில் ஏற்றி, மழையில் வழுக்கும் பாதையில் எடை போடும் இடம் வரை சுமந்தவர்கள். உழைப்பில் அவர்கள் எந்தப் பயில்வானுக்கும் குறைந்தவர்கள் அல்ல. ஆனால் ஹமீதா பானுவுக்குப் பயிற்சிக்கு ஏற்ற சாப்பாடும் 9 மணி நேரத் தூக்கமும் கிடைத்தன. நம் தாய்மார்கள் விடியும் முன் எழுந்து, எல்லோருக்கும் போட்டது போக மிச்சத்தைச் சாப்பிட்டு, கடைசியாகப் படுக்கிறார்கள். உழைப்பு மட்டும் இருந்து, சாப்பாடும் ஓய்வும் இல்லாவிட்டால் தசை வளராது. முழங்காலும் இடுப்பும்தான் தேயும்.

அதற்காக யாரும் 5 லிட்டர் பால் குடிக்க வேண்டியதில்லை. ஓர் ஆளுக்கு உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம் தேவை என்பது ஐ.சி.எம்.ஆர். கணக்கு. 55 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு இது சுமார் 46 கிராம். எடைப் பயிற்சி செய்தால் 65 முதல் 85 கிராம் வரை எடுத்துக்கொள்ளலாம். ஒரு முட்டையில் 6 கிராம், நூறு கிராம் கொண்டைக்கடலையில் 20 கிராம், அரை லிட்டர் பாலில் 16 கிராம் இருக்கிறது. பருப்பு, பயறு, தயிர், மீன் எல்லாம் நம் கடையிலேயே கிடைக்கிறது. விலை உயர்ந்த டப்பா தேவையில்லை. வாரத்தில் இரண்டு மூன்று நாள் பயிற்சி போதும். பஸ்கி, சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால், தண்ணீர்க் குடம் தூக்குவது எல்லாமே பயிற்சிதான். சுமையைக் கொஞ்சம் கொஞ்சமாகக் கூட்டுங்கள்.

நம் வயதுப் பெண்மணிகளுக்கும் ஒரு வார்த்தை. நாற்பது வயதை ஒட்டித் தசை குறையத் தொடங்குகிறது, அறுபதுக்கு மேல் வேகமாகக் குறைகிறது. மாதவிடாய் நின்ற பிறகு எலும்பும் மெலிகிறது. நம் மேடு பள்ளப் பாதையில் ஒருமுறை விழுந்து இடுப்பெலும்பு முறிந்தால் அதன் பிறகு எழுந்து நடமாடுவது எவ்வளவு கஷ்டம் என்பதைப் பல வீடுகளில் பார்க்கிறோம். அறுபதிலும் தசையை வளர்க்க முடியும். ரத்த அழுத்தம், சர்க்கரை, இதய நோய், மூட்டுவலி உள்ளவர்கள் மருத்துவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டுத் தொடங்குங்கள்.

ஹமீதா பானுவுக்குப் பலம் சேர்க்கப் பல ஆண்டுகள் ஆயின. அவரை நிறுத்தியது எதிரே நின்ற பயில்வான்கள் அல்ல. ஆகவே வீட்டில் உள்ள ஆண்களுக்கும் ஒரு வேண்டுகோள். மகளோ, மருமகளோ, மனைவியோ பயிற்சி செய்ய விரும்பினால் ஒரு மணி நேரம் அடுப்படியைப் பார்த்துக்கொள்ளுங்கள். அன்று அவர்கள் தட்டில் ஒரு முட்டையைக் கூடுதலாக வையுங்கள்.

அடுத்த இதழில் வேறொருவர் வாழ்க்கையோடு சந்திப்போம்.