நான்கு எழுத்துகளும் இருபது சொற்களும்

ஒரு மொழியில் நான்கே எழுத்துகள் உள்ளன. அவற்றைக் கொண்டு ஒரே நீளமுள்ள இருபது சொற்களை உருவாக்க வேண்டும். ஒவ்வொரு சொல்லுக்கும் குறைந்தது எத்தனை எழுத்துகள் தேவைப்படும்? 1953ஆம் ஆண்டில் இக்கணக்கில் மூழ்கியவர் ஜார்ஜ் காமோவ். அவர் உயிரியல் அறிஞர் அல்லர். அணுக்கருவையும் விண்மீன்களையும் ஆராய்ந்த இயற்பியல் அறிஞர்.

காமோவ் 1904ஆம் ஆண்டு, அன்றைய ரஷ்யப் பேரரசில் இருந்த ஒடெசா நகரில் பிறந்தார். சோவியத் ஆட்சியில் அறிஞர்கள் மீதான கெடுபிடி பெருகவே, 1932இல் மனைவியுடன் சிறு துடுப்புப் படகில் கருங்கடலைக் கடந்து துருக்கிக்குத் தப்ப முயன்றார். பலத்த காற்று அவர்களைக் கரைக்கே திருப்பியது. மறு ஆண்டு பிரஸ்ஸல்ஸ் நகரில் நடந்த அறிவியல் மாநாட்டிற்குச் சென்ற இருவரும் நாடு திரும்பவில்லை. 1934இல் அமெரிக்காவில் குடியேறினர்.

1953இல் வாட்சனும் கிரிக்கும் டி.என்.ஏ.வின் இரட்டைச் சுருள் அமைப்பை வெளியிட்டனர். அடினின், தைமின், குவானின், சைட்டோசின் என்னும் நான்கு வேதிப்பொருள்கள் அதில் வரிசையாக அமைந்துள்ளன. நம் தசையும் முடியும் செரிமான நொதிகளும் புரதத்தால் ஆனவை. புரதமோ இருபது வகை அமினோ அமிலங்களால் கோக்கப்பட்ட சங்கிலி. அந்த நான்கின் வரிசை இந்த இருபதின் வரிசையை எவ்வாறு முடிவு செய்கிறது? இதைக் கேட்டு, காமோவ் அவ்விருவருக்கும் கடிதம் எழுதினார்.

ஓரெழுத்துச் சொற்கள் என்றால் நான்குதான் கிடைக்கும். ஈரெழுத்துச் சொற்கள் பதினாறு, அவையும் போதா. மூவெழுத்துச் சொற்களோ அறுபத்து நான்கு. எனவே குறைந்தது மூன்று எழுத்துகள் வேண்டும். எளிய பெருக்கல்தான், ஆயினும் அது சிக்கலை எண்களாக மாற்றிக் காட்டியது.

அமினோ அமிலங்கள் டி.என்.ஏ.வின் இடைவெளிகளிலேயே நேரடியாகப் பொருந்துகின்றன என்றும், அடுத்தடுத்த சொற்கள் எழுத்துகளைப் பகிர்ந்துகொள்கின்றன என்றும் அவர் கருதினார். இரண்டும் தவறாயின. ஆனால், அவர் எழுப்பிய கேள்வி மற்றவர்களைத் தொற்றிக்கொண்டது. அவர் தொடங்கிய சிறு கழகத்தில் இருபது உறுப்பினர்கள் இருந்தனர். ஒவ்வொருவருக்கும் ஓர் அமினோ அமிலத்தின் பெயர்! கழுத்துப்பட்டை கூட உண்டு.

விடை ஆய்வுக்கூடத்திலிருந்து வந்தது. 1961இல் நிரன்பெர்க்கும் மத்தேயியும் யுராசில் என்ற ஒரே எழுத்தாலான ஆர்.என்.ஏ.வைப் பயன்படுத்தியபோது, பினைல்அலனின் மட்டுமே கொண்ட சங்கிலி உருவானது. குறியீடு மும்மூன்று எழுத்துகளாக வாசிக்கப்படுகிறது என்பதைக் கிரிக் குழுவினரும் அதே ஆண்டு சோதனையால் காட்டினர். டி.என்.ஏ.வின் செய்தியைத் தூது ஆர்.என்.ஏ. படியெடுத்துச் செல்கிறது. ரைபோசோம் அதை மும்மூன்று எழுத்துகளாக வாசிக்கிறது. இடமாற்று ஆர்.என்.ஏ. உரிய அமினோ அமிலத்தைக் கொண்டு வந்து சேர்க்கிறது. அறுபத்து நான்கு சொற்களில் மூன்று, சங்கிலியை நிறுத்தும் முற்றுப்புள்ளிகள்.

காமோவ் 1968 ஆகஸ்டில் காலமானார். அவ்வாண்டு அக்டோபரில், மரபுக் குறியீட்டை விளக்கியதற்காக நிரன்பெர்க், ஹர் கோவிந்த் கொரானா, ராபர்ட் ஹோலி ஆகிய மூவருக்கும் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டது.