நான்காவது வெற்றி

மாணாக்கர்க்கு நான் அடிக்கடி எடுத்துரைக்கும் வரலாறு அமெரிக்க வீரர் அல்வின் கிரென்ஸ்லைனுடையது. பல்வைத்தியம் பயின்ற இவர், 1900ஆம் ஆண்டுப் பரிஸ் ஒலிம்பிக் விழாவிலே 110 மீற்றர் தடைதாண்டி ஓட்டத்தை 15.4 செக்கனில் ஓடி வென்றார். முன்காலை நேரே நீட்டி, வேகம் குன்றாமல் தடைகடக்கும் முறையைப் பரப்பியவர் இவரே. 60 மீற்றர் ஓட்டம், 200 மீற்றர் தடைதாண்டி ஓட்டம், நீளம் பாய்தல் ஆகியவற்றிலும் முதல்வரானார்.

ஆயினும் நீளம் பாய்தலில் இவர் வென்றது ஒரே சென்ரிமீற்றரால். முதல்நாள் முன்னணியில் நின்ற மேயர் பிரின்ஸ்ரைன், ஞாயிறன்று போட்டியிடலாகாதெனத் தம் கல்லூரி தடுத்தமையாற் களம் புகவில்லை.

பின்னர் ஜேர்மன் வீரரைக் கிரென்ஸ்லைன் பயிற்றினார். 1916ஆம் ஆண்டுப் பேர்லின் விழாவையோ போர் விழுங்கியது. 1928இல் அவர் மறைந்தார்.

அவர்தம் வெற்றி நான்கினையும் போற்றும் நான், பாயாது நின்றவர் பெயரையுஞ் சேர்த்தே கற்பிக்கின்றேன்.