வலங்கைமான் தந்த வாக்கு வன்மை

ஆய்வுக்கூடத்தில் நான் சேர்ந்த முதல் வாரம். மாலை ஆறு மணிக்கு மூத்த மாணவர் ஒருவர் என்னை நோக்கி, கால் இட் எ டே என்றொரு தொடரைச் சொன்னார். நானோ குறிப்பேட்டை எடுத்து அன்றைய தேதியையும் கிழமையையும் எழுதிவிட்டு, அடுத்த கட்டளைக்குக் காத்து நின்றேன்! இன்றைக்கு இவ்வளவு போதும் என்பதுதான் அதன் பொருளாம். சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். சந்தாபுராவிலுள்ள என் அறைக்குத் திரும்பும் வழியெல்லாம், இலக்கணம் படித்தும் மொழி கைவரவில்லையே என்று நெஞ்சம் புழுங்கியது. ஆங்கிலேயர் நடுவே வளராதவனுக்கு அவர்களுடைய மரபுத் தொடர்கள் வசப்படா போலும் என்று எண்ணினேன். அந்த எண்ணத்தைப் போக்கியது மகாகனம் வி. எஸ். சீனிவாச சாஸ்திரியாரின் வாழ்க்கை.

தஞ்சைத் தரணியில், கும்பகோணத்தை அடுத்த வலங்கைமானில் 1869 செப்டம்பர் 22-ல் பிறந்தார் அவர். காந்தியடிகளுக்குப் பத்து நாள் மூத்தவர். தந்தை ஏழைப் புரோகிதர். வீட்டில் ஒலித்தவை தமிழும் வடமொழியுமே. ஆங்கிலத்தை அவர் கற்றது கும்பகோணத்துப் பள்ளியில். 1887-ல் ஆங்கிலத்திலும் வடமொழியிலும் முதல் வகுப்பில் பட்டம் பெற்றார். மாயவரத்திலும் சேலத்திலும் ஆசிரியராக இருந்தார். அந்நாளில் எல்லாரும் வேதமாகக் கொண்டிருந்த நெஸ்பீல்டு இலக்கண நூலிலேயே பிழை கண்டு திருத்தினார் என்பர். 1894 முதல் திருவல்லிக்கேணி இந்து உயர்நிலைப் பள்ளியின் தலைமையாசிரியர். 1907-ல் கோகலேயின் இந்திய ஊழியர் சங்கத்தில் சேர்ந்து, 1915-ல் அதன் தலைவரானார்.

அன்பர்களே, 1919-ல் இங்கிலாந்து சென்றபோது அவருக்கு வயது ஐம்பதை நெருங்கிக்கொண்டிருந்தது. அதற்கு முன்பே அவர் ஆங்கிலம் முதிர்ந்து கனிந்துவிட்டது! நூல்களும் அகராதியும் ஓயாத உழைப்புமே அவருக்கு ஆசான்கள். சொல்லின் பொருளோடு அவர் நின்றதில்லை. அது எந்தச் சொல்லோடு சேரும், எந்த இடத்தில் ஒலிக்கும் என்றும் ஆராய்ந்தார். ஆங்கிலேயரே வியந்து, வெள்ளி நாவினர் என்று அவரைப் போற்றினர்.

காந்தியடிகளின் அரசியலோடு அவர் உடன்படவில்லை. ஒத்துழையாமையை வெளிப்படையாக எதிர்த்தார். ஆயினும் சத்திய சோதனையின் ஆங்கில மொழிபெயர்ப்பை வரி வரியாகத் திருத்திக் கொடுத்தவர் அவரே. தம் பெயர் வெளிவரலாகாது என்பதே அவர் விதித்த நிபந்தனை. மொழியைக் காட்சிப் பொருளாக்காத உள்ளம் அது!

அந்த நா எல்லா இடத்திலும் வென்றதா? இல்லை. கெனியா இந்தியரின் சம உரிமைக்காக 1923-ல் அவர் இலண்டனில் வாதாடினார். ஆனால் அங்குள்ள மேட்டு நிலங்கள் வெள்ளையருக்கே என்று பிரிட்டிஷ் அரசு முடிவு செய்தது. பேச்சழகால் மட்டும் நீதி கிடைத்துவிடாது என்ற கசப்பான பாடத்தை அவர் கற்றார். எனினும் சோர்ந்துவிடவில்லை. 1927-ல் தென்னாப்பிரிக்காவில் இந்திய அரசின் முதல் ஏஜெண்டாகப் பொறுப்பேற்றார். கரும்புத் தோட்டங்களுக்குக் கூலிகளாகச் சென்ற நம்மவரின் பிள்ளைகள் உயர்கல்வி பெற வழியின்றி இருந்தனர். அவர்களுக்காக டர்பனில் எழுந்தது சாஸ்திரி கல்லூரி. வேற்று மொழியை அவர் கற்றதன் பயன் அந்தப் பிள்ளைகளையும் எட்டியது.

தமிழ் மாணவராகிய நமக்கு அவரிடம் ஒரு மனக்குறையும் உண்டு. 1940-ல் கலைச்சொல்லாக்கத்துக்காக அமைந்த குழுவுக்கு அவர் தலைவரானார். வடசொற்களுக்கு அவர் தந்த இடம் தமிழறிஞரின் எதிர்ப்பைக் கிளப்பியது. ஆங்கிலத்தின் நாடி பிடித்துப் பார்த்த அவர், தமிழின் நாடியையும் அவ்வாறே பார்த்திருக்கலாகாதா என்று அறிவியல் பயிலும் நான் ஏங்குவதுண்டு.

1946 ஏப்ரல் 17-ல் அவர் மறைந்தார். நோயுற்றிருந்த அவரைச் சில மாதங்களுக்கு முன்புதான் காந்தியடிகள் சென்னையில் வந்து கண்டார்.

இப்போது என் குறிப்பேட்டின் கடைசிப் பக்கங்கள் புதிய தொடர்களுக்கென்றே ஒதுக்கப்பட்டவை. கேட்டதை அன்றே எழுதுகிறேன். மறுநாள் வழங்கிப் பார்க்கிறேன். தவறினால் சிரிப்பவர்களோடு நானும் சிரிக்கிறேன். நண்பர்களே, நாமும் கற்போம்! அயல்மொழியை அஞ்சாமல் கற்போம். தாய்மொழியைத் தாழவிடாமல் கற்போம்!